பாட்டியின் பிஸ்கட் டின்னும் டாக்டர் சுப்பாராவும்

எங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியின் மேல் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அதில் பிஸ்கட் இருந்து நான் பார்த்ததே இல்லை. தைலக் குப்பி, பாதி தீர்ந்த இருமல் மருந்து, யாருக்கோ எப்போதோ கொடுத்த மாத்திரைகள் எல்லாம் அதில்தான் கிடக்கும். செமினியில் எங்கள் வரிசை வீடுகளில் யாருக்காவது காய்ச்சல் கண்டால், கிளினிக்கின் கதவுக்கு முன்னால் பாட்டியின் டின்தான் திறக்கும்.

கடந்த ஆண்டு இறுதியில், மழை விடாமல் பெய்த நாள்களில், செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் அப்பாவுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. கண்கள் சிவந்திருந்தன. கெண்டைக்கால் வலியில் அவரால் நடக்கவே முடியவில்லை. எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் என்றார் டாக்டர். நம் ஊரில் கென்சிங் திக்குஸ் என்று எல்லாரும் சொல்லும் அதே நோய். ஒரு வாரத்துக்கு டாக்சிசைக்லின் என்ற ஆண்டிபயாடிக்கைக் கொடுத்தார். ஐந்தாம் நாளே உடம்பு தேறிவிட்டது என்று அப்பா மருந்தை நிறுத்திக்கொண்டார். மீதி நான்கு காப்சூல்கள் டின்னுக்குள் போயின.

இரண்டு மாதம் கழித்துத் தம்பிக்குத் தொண்டை கட்டிக் காய்ச்சல் அடித்தது. பாட்டி டின்னைத் திறந்து இரண்டு காப்சூல்களைக் கொடுத்துவிட்டார். அன்று மாலை பல்கலைக்கழகத்திலிருந்து வந்த நான் சத்தம் போட்டேன். உன் அப்பனை எழுப்பி உட்கார வைத்த மருந்து இவனை என்ன செய்துவிடும் என்று பாட்டி கேட்டார். எனக்குப் பதில் தெரியும். ஆனால் அதைச் சொல்லத் தமிழ் வரவில்லை. ஆரம்பப் பள்ளியில் தமிழிலும் இடைநிலைப் பள்ளியில் மலாயிலும் படித்து, இப்போது உயிரறிவியலை ஆங்கிலத்தில் படிக்கிறேன். தேர்வுத்தாளில் நான்கு பக்கம் எழுதக்கூடிய ஒரு விஷயத்தை என் பாட்டிக்கு நான்கு வாக்கியத்தில் சொல்ல முடியவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அந்தக் காப்சூலின் கதையைத் தேடிப் படித்தபோது, எனக்கு ஏற்கெனவே பழக்கமான ஒரு பெயர் எதிர்ப்பட்டது. முதலாம் ஆண்டு ஆய்வுக்கூட வகுப்பில் ஒரு கரைசலில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளந்திருக்கிறோம். பாஸ்பரஸ் கூடக் கூட நீல நிறம் அடர்த்தியாகும். அந்த முறையின் பெயர் ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை. யார் இந்த சுப்பாராவ் என்று அப்போது நான் கேட்கவில்லை. மாணவர்களே, நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

எல்லப்பிரகட சுப்பாராவ் 1895 ஜனவரி 12-ஆம் நாள் பீமவரத்தில் பிறந்தார். இன்று ஆந்திரப் பிரதேசத்தில் இருக்கும் அந்த ஊர் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. குடும்பம் பெரியது, வருமானம் சிறியது. படிப்பில் நாட்டமில்லாத சிறுவன் ஒருநாள் காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகலாம் என்று வீட்டை விட்டு ஓடினான். பாதி வழியிலேயே பிடித்துக் கொண்டுவந்தார்கள். மெட்ரிக்குலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்றான். தாய் வெங்கம்மா தம் நகைகளை விற்று அவனைப் படிக்க வைத்தார். சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாவது முறை தேறினான். எஸ்.பி.எம். முடிவு சரியில்லை என்று முகம் வாடியிருப்பவர்கள் இந்த வரியை மறுபடி ஒருமுறை படிக்கலாம்.

மாநிலக் கல்லூரியில் படித்த பிறகு துறவியாக வேண்டும் என்று இராமகிருஷ்ண மடத்தை நாடினார். அங்கிருந்தவர்கள் மருத்துவம் படிக்கும்படி அவருக்கு அறிவுரை கூறினார்கள். 1915-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியின் அழைப்பை ஏற்று, அறுவை சிகிச்சை அறைக்கும் கதர் உடையிலேயே போனார். பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. படிப்பை முடித்தபோது எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அரசு மருத்துவப் பணிக்கான வாசல் அதோடு அடைபட்டது.

அதைவிடப் பெரிய அடி வீட்டில் விழுந்தது. ஸ்ப்ரூ என்ற குடல் நோய் அவருடைய சகோதரர்கள் இருவரைக் கொண்டுபோனது. உண்ட உணவின் சத்து உடலில் சேராமல், வயிற்றுப்போக்கிலும் இரத்தசோகையிலும் ஆளை உருக்கும் நோய் அது. சுப்பாராவையும் அது பிடித்தது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் அவர் பிழைத்தார். அந்த நன்றியோடு சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தார். சகோதரர்களைக் கொன்றது எது என்ற கேள்வி மட்டும் அவரை விடவில்லை.

1922-இல், மாமனாரும் ஓர் அறக்கட்டளையும் கொடுத்த உதவியோடு கப்பலேறினார். இளம் மனைவி சேஷகிரியை ஊரில் விட்டுச் சென்றார். பாஸ்டன் நகரில் இறங்கியபோது கையில் பணம் இல்லை. ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் மலசட்டி கழுவும் இரவு வேலையைச் செய்துகொண்டே ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் படித்தார். பிறகு அங்கேயே உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்தார். 1925-இல் வெளிவந்ததுதான் நாங்கள் ஆய்வுக்கூடத்தில் செய்த அந்த நீல நிறச் சோதனை. அதைக் கருவியாகக் கொண்டு தசைகளை ஆராய்ந்து, 1927-இல் பாஸ்போகிரியேட்டினையும் 1929-இல் ஏ.டி.பி.யையும் அவர்கள் கண்டறிந்தார்கள். ஏ.டி.பி.யை அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமான் என்பவரும் தனியாகக் கண்டறிந்தார்.

ஏ.டி.பி. என்றால் உயிரணுவின் ஆற்றல் நாணயம் என்று படிவம் நான்கிலேயே மனப்பாடம் செய்திருப்போம். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. அங்கேதான் இந்த மனிதரின் வாழ்க்கை பாக்டீரியாவின் உள்ளே நுழைகிறது.

ஒரு பாக்டீரியா உயிர்வாழத் தேவையான எல்லாக் குறிப்புகளும் அதன் டி.என்.ஏ.வில் எழுதியிருக்கின்றன. அதிலிருந்து நேரடியாகப் புரதம் செய்ய முடியாது. தேவைப்படும் பகுதியை மட்டும் ஆர்.என்.ஏ. என்ற தாளில் படியெடுக்க வேண்டும். இதைச் செய்யும் நொதிக்கு ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்று பெயர். டி.என்.ஏ.வில் எந்த இடத்தில் தொடங்குவது என்று அதற்குத் தானாகத் தெரியாது. சிக்மா என்ற துணைப் புரதம் அதனோடு சேர்ந்து வந்து தொடக்க இடத்தைக் காட்டுகிறது. நொதி அங்கே டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளைச் சற்றே பிரித்து, ஓர் இழையைப் பார்த்து ஆர்.என்.ஏ. எழுத்துகளைக் கோக்கிறது. வேலை சூடுபிடித்ததும் சிக்மா விலகிக்கொள்கிறது. எ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில் ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 40 முதல் 50 எழுத்துகள் சேரும். பாக்டீரியாவுக்கு உட்கரு கிடையாது. அதனால் படியெடுப்பு முடியும்வரை காத்திராமல், வளர்ந்துகொண்டிருக்கும் ஆர்.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு ரைபோசோம்கள் புரதம் செய்யத் தொடங்கிவிடுகின்றன.

அந்த ஆர்.என்.ஏ.வில் நான்கு வகை எழுத்துகள்தாம் உண்டு. அவற்றில் ஒன்றான அடினின் எழுத்து நொதியின் கைக்கு வருவது ஏ.டி.பி. வடிவில்தான். சுப்பாராவ் தசையில் கண்ட அதே பொருள், ஒவ்வொரு பாக்டீரியாவிலும் ஒவ்வொரு மரபணுவையும் படியெடுக்கும்போது செலவாகிறது. ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் கண்டறியப்பட்டது 1960-இல். அதைக் காண சுப்பாராவ் உயிரோடு இல்லை.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940-இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லே ஆய்வகத்துக்குப் போனார். சில ஆண்டுகளில் அங்கே ஆராய்ச்சியை வழிநடத்தும் பொறுப்புக்கு வந்தார். அடுத்த எட்டே ஆண்டுகளில் அந்த ஆய்வகத்திலிருந்து வந்தவற்றைப் பட்டியலிட்டால் ஒரு மனிதரின் ஆயுளுக்குள் அடங்குமா என்று தோன்றும்.

1945-இல் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அது ஸ்ப்ரூ நோயாளிகளின் இரத்தசோகையைத் தீர்த்தது. சகோதரர்களை இழந்தவர், இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, கடலுக்கு அப்பால் அந்த நோய்க்கு மருந்து கண்டார். ஃபோலேட் இல்லாவிட்டால் உயிரணுவால் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. எழுத்துகளைப் போதுமான அளவில் செய்ய முடியாது. அதையே திருப்பிப் போட்டு, ஃபோலேட்டின் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரின் என்ற பொருளையும் அக்குழு உருவாக்கியது. பாஸ்டன் நகரின் சிட்னி ஃபார்பர் அதை இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். அவர்களில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியதை 1948-இல் வெளியிட்டார். இன்றைய மெத்தோட்ரெக்ஸேட் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. யானைக்கால் நோய்க்கு இன்றும் உலகெங்கும் கொடுக்கப்படும் டைஎத்தில்கார்பமசின் மருந்தும் லெடர்லேயில் அதே காலத்தில் வந்ததுதான்.

எங்கள் டின்னில் கிடந்த காப்சூலின் மூதாதையும் அங்கேதான் பிறந்தது. பணி ஓய்வு பெற்றிருந்த தாவரவியல் அறிஞர் பெஞ்சமின் டக்கரை லெடர்லே வேலைக்கு எடுத்துக்கொண்டது. பல ஊர்களிலிருந்து வந்த மண் மாதிரிகளில் கிருமியைக் கொல்லும் நுண்ணுயிர்களை அவர் தேடினார். மிசூரி மாநிலத்து வயல் மண் ஒன்றில் பொன்னிறப் பொருள் ஒன்றைச் சுரக்கும் நுண்ணுயிர் கிடைத்தது. அந்தப் பொருளுக்கு, பொன்னைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து, ஆரியோமைசின் என்று பெயர் வைத்தார்கள். டெட்ராசைக்லின் குடும்பத்தின் முதல் மருந்து அது. அப்பா சாப்பிட்ட டாக்சிசைக்லின் 1960-களில் வந்த அதன் வாரிசு. 1948 ஜூலையில் ஆரியோமைசின் உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது முன்னால் நின்றது டக்கரின் பெயர். ஆகஸ்ட் மாதத்தில் சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 53.

இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது? ரைபோசோமில் ஒட்டிக்கொண்டு, படியெடுத்த ஆர்.என்.ஏ.வை வாசித்துப் புரதம் செய்வதைத் தடுக்கிறது. பாக்டீரியா வளர முடியாமல் நிற்கிறது. ஆனால் சில பாக்டீரியாக்களிடம் இதற்கு ஒரு மாற்று இருக்கிறது. மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும் ஒரு பம்பு. அதைச் செய்வதற்கான மரபணு அவற்றின் டி.என்.ஏ.வில் உண்டு. ஓயாமல் பம்பு செய்துகொண்டிருப்பது வீண் செலவு என்பதால், அந்த மரபணுவின் வாசலில் டெட்ஆர் என்ற புரதம் உட்கார்ந்து ஆர்.என்.ஏ. பாலிமரேஸை மறிக்கிறது. டெட்ராசைக்லின் உள்ளே வந்ததும் அது போய் டெட்ஆரைப் பற்றுகிறது. டெட்ஆர் உருமாறி வாசலை விட்டு விலகுகிறது. வழி திறந்ததும் பாலிமரேஸ் ஓடி, பம்பின் குறிப்பைப் படியெடுக்கிறது. அதாவது, பாக்டீரியாவை அடக்க வந்த மருந்தே அதன் தற்காப்பைத் திறக்கும் சாவியாகிவிடுகிறது. அதற்கு மிகக் கொஞ்சம் மருந்தே போதும்.

தம்பிக்கு வந்த தொண்டை வலியைப் போன்றவை பெரும்பாலும் வைரஸால் வருபவை. வைரஸிடம் ரைபோசோம் கிடையாது. ஆகவே அந்த இரண்டு காப்சூல்களால் அவன் தொண்டைக்கு ஒரு பயனும் இல்லை. அவன் குடலில் கோடிக்கணக்கில் வாழும் பாக்டீரியாக்களுக்கோ அது ஒரு தேர்வு. பம்பு மரபணு இல்லாதவை தேங்கும், இருப்பவை பெருகும். இத்தகைய மரபணு பல நேரங்களில் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருப்பதால், ஒரு பாக்டீரியா அதை இன்னொன்றுக்குக் கைமாற்றிவிடவும் முடியும். ஆரியோமைசின் வந்து ஐந்தே ஆண்டுகளில், 1953-இல், டெட்ராசைக்லினுக்கு அடங்காத சீதபேதிக் கிருமி ஒன்று பிடிபட்டது.

படியெடுப்பையே நேரடியாக நிறுத்தும் மருந்தும் உண்டு. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ. பாலிமரேஸில் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு மூன்று எழுத்துகள் கோத்த உடனே ஆர்.என்.ஏ. இழை முட்டி நின்றுவிடுகிறது. நம் உயிரணுக்களின் பாலிமரேஸ் அமைப்பில் வேறுபட்டது என்பதால் மருந்து அதைத் தொடுவதில்லை. ஆனால் பாக்டீரியாவின் பாலிமரேஸ் மரபணுவில் ஓர் எழுத்து மாறினாலே மருந்து ஒட்டாமல் போகலாம். காசநோயாளிகள் பல மருந்துகளைச் சேர்த்து மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதற்கு இது முக்கியக் காரணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சுப்பாராவின் கதையை மட்டும் சொன்னேன். நொதி, மரபணு எதையும் எடுக்கவில்லை. தேர்வில் தோற்றது, தாய் நகை விற்றது, மலசட்டி கழுவியது, சகோதரர்கள் போனது எல்லாம் சொன்னேன். பாட்டி கேட்ட முதல் கேள்வி, அந்தப் பெண்டாட்டி என்ன ஆனாள் என்பது. சேஷகிரிக்குப் பிறந்த ஆண் குழந்தை சில மாதங்களில் இறந்துவிட்டது என்றும், சுப்பாராவ் கடைசிவரை ஊர் திரும்பவில்லை என்றும் சொன்னேன். பாட்டி கீரையை வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். அப்படி எல்லாரும் எதையோ விட்டுக்கொடுத்து வந்த மருந்தா இது என்று பிறகு கேட்டார்.

அதன் பிறகுதான் பாக்டீரியாவுக்குப் போனேன். பாட்டி இளவயதில் பால்மரம் வெட்டியவர். டி.என்.ஏ. ஒரு ரப்பர் தோட்டம், மரபணு ஒரு நிரை, பாலிமரேஸ் நிரையில் மரம் வெட்டிப் போகும் ஆள் என்றேன். அப்படியென்றால் எந்த நிரையில் தொடங்குவது என்று காட்ட ஒரு கங்காணி வேண்டுமே என்றார் பாட்டி. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சிக்மாவை அவர் தாமாகவே கண்டுபிடித்துவிட்டார். இடத்தைக் காட்டிவிட்டுக் கங்காணி அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார் என்றும் சேர்த்துக்கொண்டார். டெட்ஆரை நிரையின் வாசலில் நிற்கும் காவல்காரர் என்று விளக்கினேன். நம் மருந்து உள்ளே போனதும் காவல்காரர் அதைப் பிடிக்கப் போய்விடுவார், வாசல் திறந்துகொள்ளும், கிருமி தனக்கு வேண்டிய பம்பைச் செய்துகொள்ளும் என்றேன். அப்படியானால் சும்மா சும்மா காவல்காரரைக் கிளப்பிவிடக் கூடாது என்று பாட்டி முடித்துவைத்தார். மூன்று மொழிகளில் படித்த எனக்கு வராத விளக்கம் அது.

மீதமிருந்த இரண்டு காப்சூல்களை அப்பாவின் அடுத்த பரிசோதனையின்போது மருத்துவமனை மருந்தகத்தில் ஒப்படைத்தோம். நம் அரசு மருத்துவமனை மருந்தகங்களில் மீதமான மருந்துகளைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார்கள். அப்பாவும் ஐந்தாம் நாளே மருந்தை நிறுத்தியதற்குப் பாட்டியிடம் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டார். டின் இன்னும் குளிர்ப்பெட்டியின் மேல்தான் இருக்கிறது. தைலம் இருக்கிறது, ஆண்டிபயாடிக் இல்லை.

சுப்பாராவ் பிறந்த நூறாவது ஆண்டான 1995-இல் இந்திய அரசு அவருக்கு ஓர் அஞ்சல்தலை வெளியிட்டது. அவர் பெயரால் சுப்பாரோமைசஸ் என்று ஒரு பூஞ்சைப் பேரினமும் உண்டு. நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் மழைக்காலத்தில் செம்பனைத் தோட்டத்திலிருந்து நடுங்கிக்கொண்டு வரும் ஒரு தொழிலாளி பத்து நாளில் எழுந்து வேலைக்குப் போகிறார் என்றால், அதில் அவருக்குப் பங்கு இருக்கிறது. அந்த மருந்து அடுத்த தலைமுறைக்கும் வேலை செய்ய வேண்டுமானால், அது நம் கையில்தான் இருக்கிறது. நண்பர்களே, இன்று இரவு உங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியின் மேலும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். அங்கே ஒரு டின் இருந்தால், அதன் சொந்தக்காரரிடம் முதலில் சுப்பாராவின் கதையைச் சொல்லுங்கள். பாடத்தைப் பிறகு சொல்லலாம்.